இடது முழங்கால்

தாராவி,
4 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி பூலோகத்துக்கு,

அக்கா பேராச்சி எழுதுகிறேன். இங்கே நான், உன் அத்தான், கோகிலா மூன்று பேரும் சுகம். என் காது மட்டும் சுகமில்லை. அதை விசாரித்துப் பிரயோசனம் இல்லாததால் மற்றதை விசாரி. உனக்கு அந்த ஊர்த் தண்ணீர் சேருகிறதா? முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறாயா?

நேற்று நீ போன் பண்ணினாயாம். கோகிலா போனை என் காதில் வைத்து அழுத்தினாள். கிணற்றுக்குள் தவளை கத்துகிற மாதிரி ஏதோ வந்தது. "ஆமாப்பா, ஆமாப்பா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் இந்தக் கழுதை சிரிக்கிறாள். "யம்மா, உனக்கு ஒடம்பு சரியில்லையான்னு மாமா கேட்டாவ. நீ ஆமாப்பாங்க!" இருபது வருஷமாக டப்பா பட்டறையில் உட்கார்ந்து எண்ணெய் டின்னைச் சுத்தியலால் தட்டி நெளிவெடுக்கிறவளுக்குப் போன் எதற்கு? நீ வாங்கிக் கொடுத்த காது மெஷினை மாட்டினால் பட்டறைச் சத்தம் மொத்தமும் மண்டைக்குள் இறங்குகிறது. எடுத்து வைத்துவிட்டேன். வீட்டில் இருப்பது ஒரு போன். அது கோகிலா கையை விட்டு இறங்குவதில்லை. அவளுக்கோ தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராது. ஆகவே கடிதம் எழுது. ராத்திரி உன் அத்தான் உல்லாஸ்நகர் வேலை முடிந்து வருகிறவரைக்கும் எனக்குப் படிக்க ஏதாவது இருக்கட்டும்.

உன் மருமகன் பேச்சிராஜாவை உன் டீம் கேம்ப்புக்கு அனுப்பிவிட்டேன். நீ போட்ட பாதையில்தான் போகிறான். பத்து வருஷத்துக்கு முன் கபடி லீக் தொடங்கின முதல் வருஷமே ஏலத்தில் எடுத்தார்களே, நம் லேபர் கேம்ப் மைதானத்திலிருந்து போன முதல் ஆள் நீ. ஒரே பாயிண்டில் ஃபைனல் ஜெயித்து வந்தாய். தெருவே வெடி போட்டது. மூன்றாம் வருஷம் முழங்கால் போனது. அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு நான் எத்தனை ஆசுபத்திரிப் படி ஏறினேன் என்று உனக்கே தெரியும். ஏதோ சாமி புண்ணியத்தில் உன்னை அவர்கள் கைவிடவில்லை. இன்றைக்கு மேனேஜர்.

உன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தின பிள்ளை அவன். உன் கையில் கொடுத்திருக்கிறேன். நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். ரெய்டு வருகிறவன் தொட்டுவிட்டால், அம்பயர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நீயாகக் கை தூக்கிவிட்டு வெளியே வா. நம் மைதானத்தில் எல்லாரும் அப்படித்தானே ஆடினோம்.

பார்த்துக்கொள்.
உன் அக்கா
பேராச்சி


சோனிபத்,
17 ஆகஸ்ட் 2024

அக்காவுக்குத் தம்பி பூலோகத்தின் வணக்கம்.

நான் சுகம். அத்தானையும் கோகிலாவையும் கேட்டதாகச் சொல். இந்த ஊர்த் தண்ணீர் உப்பு. சப்பாத்தியும் பாலும் தின்று உன் மகன் ஒரு மாதத்தில் இரண்டு சுற்று பெருத்துவிடுவான். கவலைப்படாதே.

மேனேஜர், மேனேஜர் என்று எழுதியிருக்கிறாய். மேனேஜர் என்றால் என்ன வேலை என்று ஒரு நாள் வந்து பார். இருபத்திரண்டு பேருக்கு ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும். ஓட்டல் ரூமில் யாரோடு யார் என்று பட்டியல் போட வேண்டும். எவனுக்குப் பருப்பு வேண்டும், எவனுக்கு முட்டை ஆகாது, எவன் ஜெர்சி சலவைக்குப் போனது, எல்லாம் நான்தான். கேம்ப்பில் பையன்களிடம் போனை வாங்கிப் பூட்டி வைப்பதும் நான்தான். இருபத்திரண்டு போன் என் தலைமாட்டில் இருக்கிறது. ஒருத்தன் அம்மாவாவது எப்போதும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

யாரை ஆட வைப்பது என்பது கோச் வேலை. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பது முதலாளி வேலை. அதை எனக்குச் சொல்வது முதலாளியின் ஆள், நகுல் சார். பட்டியல் அவரிடமிருந்து வரும். பையனைக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, "நாளைக்கு டிக்கெட் போட்டிருக்கேன்" என்று சொல்வது மட்டும் என் வேலை. பேப்பரில் கையெழுத்தும் என்னுடையது. ஆபீஸில் எல்லாரும் இங்கிலீஷில் கிறுக்குவார்கள். எனக்கு நீ சிலேட்டில் சொல்லிக் கொடுத்த தமிழ் 'பூலோகம்' ஒன்றுதான் வரும். நகுல் சார் அதைப் பார்த்து, "க்யா ஜிலேபி பனாயா ஹை", என்னமாய் ஜிலேபி பிழிந்திருக்கிறாய் என்று சிரிப்பார்.

பேச்சி நன்றாக ஆடுகிறான். இடது கார்னர், நான் நின்ற அதே இடம். கோச் நேற்று, "உன் மருமகன் உன்னைவிட நல்ல ஆட்டக்காரன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே இருந்தேன்.

உன் தம்பி
பூலோகம்


தாராவி,
21 அக்டோபர் 2024

தம்பி பூலோகத்துக்கு,

அக்கா எழுதுவது. எல்லாரும் சுகம். உன் அத்தானுக்கு மட்டும் சந்தோஷத்தில் வயிற்றுப்போக்கு. பயப்படாதே. டிவியில் மகனைப் பார்த்த அன்றைக்கு ஒன்பது லட்டு தின்றார்.

ஏ அய்யா, என்ன ஆட்டம்! முக்கு டீக்கடையில் நாற்காலி போட்டு எனக்கு முன்னால் இடம் கொடுத்தார்கள். எனக்குத்தான் சத்தம் கேட்காது. சுற்றி எல்லாரும் வாயைப் பிளந்து கத்துகிறார்கள், விசில் அடிக்கிறார்கள். எனக்கு ஒரே அமைதி. அந்த அமைதியில் அவன் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஆட்டத்தில் அந்த ஆறடி ரெய்டரின் கணுக்காலைப் பிடித்து மடக்கினானே, அப்போது நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னாலிருந்து யாரோ என்னை இழுத்து உட்கார வைத்தார்கள்.

பட்டறையில் மெஹராஜ் பாய் ஒரு நாள் லீவு கொடுத்தார். "பேராச்சி, துமாரா பேட்டா டிவி மே ஹை, தும் டப்பா மே கியூ?" என்றாராம். மகன் டிவியில் இருக்கும்போது நீ ஏன் டப்பாவில் கிடக்கிறாய் என்று கேட்டதாகக் கோகிலா சொன்னாள்.

இன்னொரு நல்ல சேதி. இங்கே பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஒரு அரசாங்க ஆபீஸ் டீமுக்கு விளையாட்டு கோட்டாவில் நான்கு பேர் எடுக்கிறார்களாம். ஜனவரியில் தேர்வு. எடுத்தால் ஆயுசு பூராவும் வேலை, பென்ஷனோடு. லீக் நாலு வருஷம்தான். உன்னைப் பார்த்தேனே, முழங்கால் போனால் அதோடு சரி. பேச்சிக்கு ஃபார்ம் போட்டுவிட்டோம். அவன் இனி பட்டறை வாசலை மிதிக்கக் கூடாது. எனக்கு வேறு ஆசை கிடையாது தம்பி. இது ஒன்று.

பேராச்சி


ஜெய்ப்பூர்,
14 நவம்பர் 2024

அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். உடம்பு சுகம், மனசு சுகமில்லை. செமி ஃபைனலை நீயும் பார்த்திருப்பாய். ஆனால் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முப்பதுக்கு முப்பது. கடைசி ரெய்டு. எதிராளி ரெய்டர் உள்ளே வந்து சுற்றினான், ஒருத்தரையும் தொடாத மாதிரியே கோட்டுக்குத் திரும்பினான். அம்பயர் 'பாயிண்ட் இல்லை' என்று கை காட்டியாயிற்று. ரிவ்யூ கேட்க அவர்கள் கையில் ரிவ்யூவும் மிச்சமில்லை. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போக வேண்டியது. அப்போது பேச்சி கை தூக்கினான். ஸ்டேடியமே ஒரு நொடி புரியாமல் பார்த்தது. கை தூக்கினபடியே கோட்டுக்கு வெளியே நடந்து போனான். அவர்களுக்கு ஒரு பாயிண்ட். நாங்கள் தோற்றோம்.

டிரெஸ்ஸிங் ரூமில் யாரும் அவனோடு பேசவில்லை. நான்தான் கேட்டேன், "ஏல, எங்கல தொட்டான்?" என்று. குதிகாலைக் காட்டினான். "நகம்தான் மாமா பட்டுச்சு. ஆனா பட்டுச்சுலா" என்றான். அழவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

டிவியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். போனில் ஊரே பார்த்துவிட்டது. தர்மவான், தங்கப் பிள்ளை என்று எழுதுகிறார்கள். நகுல் சார் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேச்சி சில நாள் வீட்டில் ஓய்வாக இருக்கட்டும் என்று அனுப்புகிறேன். சோறு நன்றாகப் போடு. நான் ஜூனியர் கேம்ப்புக்காக சோனிபத் திரும்புகிறேன். அங்கேயே எழுது.

பூலோகம்


தாராவி,
27 நவம்பர் 2024

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

பேச்சி வந்து சேர்ந்தான். ஸ்டேஷனிலிருந்து வரும்போதே நாலு பேர் நிறுத்திப் போட்டோ எடுத்தார்களாம். வீட்டுக்கு வந்து பையைப் பரணில் போட்டவன் இன்னும் இறக்கவில்லை. ஓய்வுக்கு வந்தவன் முழுப் பையையும் கொண்டுவருவானா? ஷூ, நீ கொடுத்த பழைய ஜெர்சி, எல்லாம் அதில் இருக்கிறது. எனக்குக் காதுதான் கேட்காது. கண் நன்றாகத் தெரியும்.

"ஏல, உன்னத் தூக்கிட்டாவளா?" என்று கேட்டேன். "மாமாட்ட கேளு" என்கிறான். கேட்கிறேன். தூக்கிவிட்டார்களா?

அப்படியே தூக்கினாலும் போகட்டும். அவன் செய்தது சரி. நான் பெருமையாகத்தான் இருக்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். சொல்லிவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறேன். அதையும் உன்னிடம்தான் சொல்ல முடியும்.

இப்போது எனக்கு அந்த ஆபீஸ் வேலைதான் கண்ணில் நிற்கிறது. ஜனவரி எட்டாம் தேதி தேர்வு. கடைசியாக ஆடின டீமிலிருந்து ஒரு தாள் வர வேண்டுமாம். பையன் எப்படி, உடம்பு எப்படி என்று எழுதி, டீம் ஆபீஸே நேராக அனுப்ப வேண்டுமாம். அதற்கென்ன, மேனேஜர் நம் ஆள்தானே என்று உன் அத்தானிடம் சொல்லிவிட்டேன். நல்லதாக நாலு வரி எழுதி அனுப்பு. பொய் எழுத வேண்டாம். உள்ளதை எழுது, போதும்.

உடனே பதில் போடு.
பேராச்சி


சோனிபத்,
22 டிசம்பர் 2024

அக்காவுக்கு வணக்கம்.

பதில் தாமதம். மன்னித்துக்கொள். இங்கே குளிர் எலும்பைத் தின்கிறது. காலையில் பத்து மணிக்குத்தான் வெயில் முகம் காட்டுகிறது. ஜூனியர் பையன்கள் முப்பது பேர். எல்லாருக்கும் ஸ்வெட்டர் ஒரே அளவில் வந்துவிட்டது. மாற்றுவதற்கு டெல்லிக்கு நாலு தடவை போனேன். என் முழங்கால் இந்தக் குளிரில் பழைய பாட்டைப் பாடுகிறது.

அத்தான் உல்லாஸ்நகர் போகிற ரயிலில் வாசலில் தொங்க வேண்டாம் என்று சொல். கோகிலா பரீட்சைக்குப் படிக்கிறாளா?

பேச்சி தினமும் ஓடட்டும். பயிற்சியை விட வேண்டாம் என்று சொல். தாளெல்லாம் ஆபீஸ் அனுப்பும்.

பொங்கலுக்கு வர முடியாது என்று நினைக்கிறேன்.

பூலோகம்


தாராவி,
24 ஜனவரி 2025

தம்பி பூலோகத்துக்கு,

அக்கா எழுதுவது. பொங்கலுக்குப் பொங்கல் வைத்தோம். சாப்பிட்டோம். அவ்வளவுதான் நலம்.

தேர்வில் பேச்சிதான் முதல். எட்டாம் தேதி மைதானத்தில் ஆட வைத்துப் பார்த்தார்கள். அறுபது பேரில் இவன் பெயரைத்தான் முதலில் எழுதினார்களாம். இருபதாம் தேதி பட்டியல் ஒட்டினார்கள். நாலு பெயரில் இவன் பெயர் இல்லை. உடம்பு தகுதியில்லை, இடது முழங்கால் பழுது என்று டீமிலிருந்து தாள் வந்திருக்கிறதாம்.

நான் சும்மா இருப்பேனா? கோகிலாவைக் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்கே போய்விட்டேன். மூன்று ஜன்னல் மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். கடைசியில் ஒரு பெரிய மனுஷன், வேங்கடசுப்ரமணியன் என்று பெயர், மாட்டுங்காக்காரர். நான் கோகிலாவைத் தமிழில் திட்டுவதைக் கேட்டு எழுந்து வந்தார். எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் ஒரு தாளில் எழுதி எழுதிக் காட்டினார். அவ்வளவு பொறுமை. "மெடிகல்ல ஒரு தடவை தள்ளினா மறுபடியும் எடுக்கறது ரொம்பக் கஷ்டம்மா. டீம்லேர்ந்தே திருத்தி எழுதினா மேலே கேட்டுப் பாக்கறேன். சீக்கிரமா வரணும்" என்று எழுதினார். டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

மறுநாள் பேச்சியை ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போய் முழங்காலுக்கு ஸ்கேன் படம் எடுத்தோம். டாக்டரம்மா காலை மடக்கி, நீட்டி, முறுக்கிப் பார்த்தாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துவிட்டு, "யே தோ லோஹா ஹை" என்றாளாம். இரும்புக் காலாம் தம்பி.

அந்தப் படத்தை இதோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். பேச்சி வேண்டாம், மாமாவைத் தொந்தரவு பண்ணாதே என்றான். நான் கேட்கவில்லை. அந்தத் தாளை எழுதினது யார் என்று கேள். படத்தை அவர் முகத்துக்கு நேராகக் காட்டு. திருத்தி எழுதச் சொல். நீ மேனேஜர். உன்னால் முடியும்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.
பேராச்சி


தாராவி,
22 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. படம் வந்து சேர்ந்ததா? கையெழுத்துப் போட்டு வாங்கின அட்டை எனக்குத் திரும்பி வந்துவிட்டது. 'பூலோகம்' என்று இருக்கிறது.

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது எழுது.

பேராச்சி


சோனிபத்,
10 மார்ச் 2025

அக்கா,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இருந்திருக்கலாம்.

படம் வந்த அன்றைக்கே பிரித்தேன். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, பழுதே இல்லாத முழங்கால். என் படம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பிடித்த கையை இறக்க முடியவில்லை. ஜூனியர் பையன் ஒருத்தன் வந்து, "கிஸ்கா ஹை சார்?" என்று கேட்டான். என்னுடையது என்று பொய் சொன்னேன்.

அந்தத் தாளை எழுதினது நான்தான்.

இதை எழுத எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. இனி மறைக்க ஒன்றுமில்லை, முழுதும் சொல்கிறேன். ஜெய்ப்பூரில் ஆட்டம் முடிந்த ராத்திரியே பேச்சியைத் தூக்கச் சொல்லி முதலாளியிடமிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஊரெல்லாம் அவனைத் தர்மவான் என்று கொண்டாடுகிறது. உண்மை சொன்னதற்காகத் தூக்கினார்கள் என்று தெரிந்தால் டிவிக்காரன் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவான். நகுல் சார் ஃபார்மை என் முன்னால் வைத்தார். "பூலோக் பாய், கூட்னா லிக் தோ." முழங்கால் என்று எழுதிவிடு என்றார். "ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. நீ எழுதலேன்னா உன் இடத்துல வேற ஆள் எழுதுவான்" என்றார்.

என் இடத்தில் வேறு ஆள். அந்த வார்த்தையில் விழுந்தேன் அக்கா. கபடியைத் தவிர எனக்கு என்ன தெரியும்? முப்பத்தெட்டு வயசில், நொண்டிக் காலோடு, அத்தான் மாதிரி ரயிலில் தொங்கி எந்த வேலைக்குப் போவேன்?

முழங்காலில் என்ன பழுது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. பெட்டியிலிருந்து என் பழைய ரிப்போர்ட்டை எடுத்தேன். அதைப் பார்த்து அப்படியே எழுதினேன். இடது முழங்கால், உள்பக்கச் சவ்வு கிழிசல், ஆட்டத்துக்குத் தகுதியில்லை. என் காலை எடுத்து உன் பிள்ளைக்கு மாட்டிவிட்டேன்.

அது டீம் ஃபைலோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். டிசம்பரில் அந்த ஆபீஸ் தாள் கேட்டபோது எங்கள் ஆபீஸ் அதையே காப்பி எடுத்து அனுப்பிவிட்டது. அனுப்புவதற்கு முந்தின நாளே எனக்குத் தெரியும். தடுத்திருக்கலாம். தடுத்தால் முதல் தாள் பொய் என்று ஆகிவிடும். ஸ்வெட்டர் மாற்ற டெல்லிக்குப் போய்விட்டேன்.

போன வாரம் நகுல் சாரிடம் படத்தைக் காட்டினேன். திருத்தி எழுதப் போகிறேன் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. டீ வரவழைத்தார். "எழுது. கையெழுத்து உன்னோடது. பொய் சர்டிபிகேட் கொடுத்தது நீ. கேஸ் உன் மேலதான் வரும்" என்றார். பரவாயில்லை என்று எழுதிவிட்டேன். வேங்கடசுப்ரமணியன் சாருக்கே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். முந்தாநாள் அவர் பதிலும் அப்படியே வந்தது. நாலு பேரும் மார்ச் முதல் தேதி வேலையில் சேர்ந்துவிட்டார்களாம். இனி எடுப்பது எப்போது என்று சொல்ல முடியாதாம். பிப்ரவரியில் இந்தக் கடிதம் வந்திருந்தால் ஏதாவது பார்த்திருப்பேன் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன் அந்த ஃபைனல். கடைசி ரெய்டில் அவன் விரல் என் பின்னங்காலில் பட்டது. அம்பயர் பார்க்கவில்லை. நான் கை தூக்கவில்லை. அந்த ஒரு பாயிண்டில்தான் ஜெயித்தோம். அந்த ஜெயிப்பில்தான் இந்த மேனேஜர் வேலை. பேச்சி ஜெய்ப்பூரில் கை தூக்கினபோது எனக்கு அவன் மேல் கோபம்தான் வந்தது. பெருமை வரவில்லை. தொண்டை அடைத்தது என்று உனக்கு எழுதினேனே, அது இதனால்தான்.

இனி நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். வேலையை விடச் சொன்னால் விடுகிறேன். வீட்டு வாசலில் வந்து நிற்கட்டுமா?

பூலோகம்


தாராவி,
19 மார்ச் 2025

தம்பி பூலோகத்துக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் படித்தேன்.

எனக்கு ஜனவரியிலேயே தெரியும்.

மாட்டுங்காக்காரர் அந்தத் தாளை எனக்குக் காட்டினார். காட்டக் கூடாதாம். ஆனால் கீழே தமிழில் கையெழுத்து இருக்கவும், "இவர் உங்களவாளா?" என்று எழுதிக் கேட்டார். சிலேட்டில் நான் கை பிடித்து எழுத வைத்த பெயர். லகரத்தின் வாலை இன்னமும் மேலே ஏற்றித்தான் போடுகிறாய். மேலே இங்கிலீஷில் எழுதியிருந்ததைக் கோகிலா படித்துப் படித்து, என் முழங்காலின் உள்பக்கத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். இடது முழங்கால், உள்பக்கச் சவ்வு. அந்த வார்த்தைகளைத் தூக்கிக்கொண்டு இந்த பம்பாய் பூராவும் அலைந்தவள் நான். அது யார் கால் என்று எனக்குத் தெரியாதா? எங்களவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். பேச்சிக்கும் தெரியும். அவனுக்குத் தமிழ் படிக்க வராதே தவிர, மாமா கையெழுத்து படம் மாதிரித் தெரியும்; கோகிலா அந்தத் தாளைப் போனில் பிடித்து வந்து காட்டினாள். அவன்தான் உன்னிடம் கேட்க வேண்டாம் என்றான்.

தெரிந்தும் ஏன் படத்தை அனுப்பினேன், யார் என்று ஏன் கேட்டேன் என்று நினைப்பாய். நீயாகக் கை தூக்குவாய் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் தபால்காரரை மறித்தேன். பிப்ரவரியில் தூக்கியிருந்தால் பையன் பிழைத்திருப்பான். ஆட்டம் முடிந்த பிறகு கை தூக்கினால் பாயிண்ட் யாருக்கு தம்பி?

எனக்கும் பங்கு இருக்கிறது. மாட்டுங்காக்காரர் கேட்டபோதே, ஆமாம், என் தம்பிதான், பொய் எழுதியிருக்கிறான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் நீ. இரண்டு பேரையும் காப்பாற்றப் பார்த்தேன்.

அந்த ஃபைனலையும் சொல்லியிருக்கிறாய். அதுவும் தெரியும். அன்றைக்கும் இதே டீக்கடை டிவிதான். எனக்கு அப்போதே பாதி காது போய்விட்டது. எல்லாரும் சத்தத்தில் மயங்கிக் கிடந்தார்கள். நான் காலைப் பார்த்தேன். விரல் பட்டது. உன் முகமும் ஒரு கணம் மாறியது. எனக்கு அது போதும். வீட்டுக்கு வந்தால் லட்டு, வெடி, மாலை. நானும் லட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு நானும்தான் கை தூக்கவில்லை. அந்தப் பாவம் பிள்ளைக்கு வரக் கூடாது என்றுதான் அவன் பத்து வயசிலிருந்து தினமும் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். தொட்டால் கை தூக்கு, தொட்டால் கை தூக்கு என்று. தூக்கினான். இப்போது நான் அவனுக்கு நல்லது செய்தேனா, கெட்டது செய்தேனா என்று எனக்கே தெரியவில்லை. யாரைத் திட்டுவது? உன்னைத் திட்ட உட்கார்ந்தால் என் வாய்தான் நோகிறது.

வேலையை விட்டுவிடவா என்று கேட்கிறாய். விட்டால் பேச்சிக்கு வேலை வந்துவிடுமா? வாசலில் வந்து நிற்கவா என்று கேட்கிறாய். வராதே என்று சொல்ல எனக்கு மனசு இல்லை. வா என்று எழுதக் கை வரவில்லை. நீயே முடிவு பண்ணு. வந்தால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வா. அதற்கு முன்னால் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம்.

பேச்சி இந்த மாதம் முதல் என்னோடு பட்டறைக்கு வருகிறான். மெஹராஜ் பாய் என் பக்கத்திலேயே இடம் கொடுத்திருக்கிறார். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளடா என்று காலையில் நானே உருட்டிக் கொடுக்கிறேன். மத்தியானத்துக்குள் வியர்வையில் விழுந்துவிடுகிறது. இடது காலை மடக்கிப் போட்டு, டின்னை அதன்மேல் அணைத்துக்கொண்டு நாள் பூராவும் அடிக்கிறான். "கால் வலிக்குதால?" என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினான். வாய் அசைந்தது. என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்காலுக்கு எண்ணெய் போடு.

அக்கா
பேராச்சி